வெளிநாட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தடுப்பூசிக் கணக்கு

மலேசியாவின் ரஹாங்கிலிருந்து சிங்கப்பூருக்கோ கனடாவுக்கோ குடும்பத்தோடு போகிறீர்களா? விசாவுக்கு முன்பே தேட வேண்டியது, பிள்ளை பிறந்தபோது அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த சுகாதாரப் புத்தகம். ஒவ்வொரு ஊசிக்கும் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தெளிவாக இல்லாவிட்டால், போட்ட ஊசியையே திரும்பப் போடச் சொல்லலாம்.

ஏழு வயதில் பள்ளியில் போட்ட ஊசிகளும், முதல் படிவத்துப் பெண்களுக்கான எச்.பி.வி. ஊசியும் பல வீடுகளில் அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்காது. அந்தப் பதிவைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். புத்தகம் மலாயில் இருந்தால், மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள்.

சிங்கப்பூரில், வெளிநாட்டில் பிறந்த, 12 அல்லது அதற்குக் குறைந்த வயதுள்ள பிள்ளை நீண்டகால அனுமதி கேட்டால், தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகளுக்குச் சான்று வேண்டும். இது 2019 பிப்ரவரி முதல் உள்ள விதி.

பலர் மாட்டிக்கொள்வது சின்னம்மையில்தான். மலேசிய அரசின் இலவசப் பட்டியலில் அந்த ஊசி இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் கேட்கும். கனடாவின் ஒன்டாரியோவிலும் 2010இலோ அதற்குப் பிறகோ பிறந்த மாணவர்களுக்கு அது தேவை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 13 வயதுக்குக் கீழே இரண்டு ஊசிக்கும் இடையே பொதுவாக மூன்று மாதம் விடுவார்கள். ஆகவே டிக்கெட் எடுத்த பிறகு ஓடாதீர்கள்.

இங்கிலாந்து அரசுப் பள்ளிகள் தடுப்பூசியைக் கட்டாயமாக்கவில்லை. அதற்காகப் புத்தகத்தைக் கப்பல் பெட்டியில் போட்டுவிட வேண்டாம். கைப்பையில் வையுங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்தும் வையுங்கள்.