ஒரு கிலோவில் எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான்

அன்புள்ள கயல்விழிக்கு,

அரிசியில் ஆர்செனிக், மஞ்சள்தூளில் காரீயம், சுறாவில் பாதரசம் என்று நாளிதழில் செய்தி வரும்போது அதில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும்: ஒரு கிலோ உணவில் இத்தனை மில்லிகிராம். அதை மட்டும் வைத்து உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அந்த உணவை ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுகிறார், அவருடைய உடல் எடை என்ன, எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார், உணவில் இருப்பது அந்தத் தனிமத்தின் எந்த வேதி வடிவம் என்பதெல்லாம் தெரிந்தால்தான் கணக்கு முடியும். செய்தி தருவது முதல் வரியை. மீதி வரிகளைப் போட்டுப் பார்த்தால் சில நேரம் அச்சம் குறையும், சில நேரம் கூடும்.

இந்தத் தனிமங்கள் எல்லா மண்ணிலும் சிறிதளவு உள்ளன. வேர் நீரை உறிஞ்சும்போது அவையும் சேர்ந்து ஏறுகின்றன. ஐசிபி-எம்எஸ் என்னும் கருவி நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட அளந்துவிடும். ஆகவே ‘உணவில் நஞ்சு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பு இன்றைக்கு ஏறக்குறைய எந்த உணவுக்கும் பொருந்தும். மறுபுறம், ‘கண்டறியப்படவில்லை’ என்று ஆய்வகம் எழுதினால் அளவு கருவியின் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்றுதான் அர்த்தம். அறவே இல்லை என்று அர்த்தமல்ல. இடரைக் கணக்கிடுபவர்கள் அத்தகைய மாதிரிகளுக்கு ஒரு முறை பூஜ்யம் என்றும், இன்னொரு முறை அந்த எல்லை அளவே இருப்பதாகவும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

அளந்தது யார், எப்படி என்பதும் முக்கியம். 2015 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மேகி நூடுல்ஸுக்குத் தடை விதித்தது. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு மாதிரியில் 17.2 பிபிஎம் காரீயம் இருந்ததாகக் கொல்கத்தா ஆய்வகம் அறிக்கை தந்திருந்தது. அனுமதித்த அளவு 2.5. (பிபிஎம் என்பது கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதுதான்.) ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. சோதித்த ஆய்வகங்களுக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்தபோது காரீயம் வரம்புக்குள்தான் இருந்தது.

எவ்வளவு உட்கொண்டால் தீங்கு என்ற அறிவு பெரும்பாலும் பேரிடர்களிலிருந்து வந்தது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில், கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயலில் படிந்து, அங்கே விளைந்த அரிசியைத் தின்றவர்களின் சிறுநீரகம் கெட்டது, எலும்பு நொறுங்கியது. வலியில் அவர்கள் அலறிய ஒலியே ‘இதாய்-இதாய்’ என்று நோய்க்குப் பெயரானது. 1956-இல் மினமாட்டாவில் வெளிப்பட்டது மெத்தில் பாதரசம். ஒரு ரசாயன ஆலையின் கழிவு, வளைகுடா மீன் வழியாக மனிதர்களுக்கு வந்தது. 1971-72 குளிர்காலத்தில் ஈராக்கில், பூஞ்சணக் கொல்லியாக மெத்தில் பாதரசம் பூசிய விதைக் கோதுமையை மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டதில் 6,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், 459 பேர் அங்கேயே இறந்தார்கள். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1956 முதல் நடத்தும் நிபுணர் குழு, இப்படிப்பட்ட சான்றுகளையும் பிற்கால ஆய்வுகளையும் வைத்து, உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவு வரை தாங்கலாம் என்று அளவுகளை வகுத்திருக்கிறது.

அந்த அளவு ஒரு தனிமத்துக்கு நாள் கணக்கிலும், இன்னொன்றுக்கு வாரக் கணக்கிலும், வேறொன்றுக்கு மாதக் கணக்கிலும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. உடம்பு எதை எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பதுதான் காரணம். ஆர்செனிக்கின் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள். காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். காட்மியம் சிறுநீரகத்தில் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள். அதனால் காட்மியத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவது வீண். வாழ்நாள் சராசரிதான் கணக்கு.

காட்மியத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிபுணர் குழு 2010-இல் வகுத்தபடி, தாங்கக்கூடிய அளவு உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வைத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்று கொண்டால், வரம்பைச் சரியாகத் தொடும் அரிசியில் அவருக்கு நாளுக்கு 120 மைக்ரோகிராம் போகும். உடல் எடையில் கிலோவுக்கு 2, மாதத்துக்கு 60. தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அரிசி சட்டப்படி சரி, சாப்பிடுபவருக்குச் சரியில்லை. அதே அரிசியில் 0.05 மில்லிகிராம் இருந்தால் மாதத்துக்கு 7.5 தான், கவலை இல்லை. வரம்பு என்பது சரக்கை எல்லையில் நிறுத்துவதா விடுவதா என்று தீர்மானிக்கும் எண். பெரும்பாலான அரிசி அதற்கு வெகு கீழே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. சீனா 0.2 என்று வைத்திருக்கிறது. ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்பதோடு பேச்சை முடித்துவிடும் அறிக்கை பாதிப் பதில்தான் தருகிறது, குறிப்பாக மூன்று வேளையும் சோறு உண்ணும் நாட்டில்.

ஆர்செனிக்கில் முதலில் கேட்க வேண்டியது, எந்த வடிவம் என்று. மீனிலும் இறாலிலும் மொத்த ஆர்செனிக் அரிசியில் இருப்பதைவிட அதிகமாக இருப்பது சாதாரணம். ஆனால் அது பெரும்பாலும் ஆர்செனோபீட்டைன் என்னும் கரிமச் சேர்மம். உடம்பு அதை அப்படியே வெளியேற்றிவிடும். புற்றுநோயோடு தொடர்புடையது கனிம ஆர்செனிக். அரிசியில் இருப்பதில் கணிசமான பங்கு அதுதான். ஹிஜிகி என்னும் ஜப்பானியக் கடற்பாசி, கடல் உணவுகளில் ஒரு விலக்கு. அதில் கனிம வடிவம் மிகுதி. வடிவத்தைச் சொல்லாமல் மொத்த ஆர்செனிக்கை மட்டும் தரும் எண்ணை வைத்து மீனையும் அரிசியையும் ஒப்பிடுவது பிழை.

நெல் ஏன் மாட்டிக்கொள்கிறது? தண்ணீர் கட்டிய வயலில் காற்று இறங்காது. அப்போது மண்ணில் இரும்போடு ஒட்டியிருந்த ஆர்செனிக் கரைந்து ஆர்செனைட்டாக மாறுகிறது. நெல்லுக்கு மணிச்சத்துபோல சிலிக்கனும் நிறைய வேண்டும். சிலிக்கனை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாக ஆர்செனைட்டும் புகுந்துவிடுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் ஆர்செனிக் குறையும். ஆனால் வயல் காய்ந்து காற்றுப் படும்போது காட்மியம் கரையத் தொடங்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறுகிறது. எந்த வயலில் எது அதிகம் என்று தெரியாமல் பொதுவாகப் பரிந்துரை சொல்வது சரிவராது.

எண்களுக்கு வந்தால்: தீட்டிய அரிசியில் கனிம ஆர்செனிக்குக்குக் கோடெக்ஸ் வரம்பு 0.2 மில்லிகிராம். அதில் பாதி, 0.1 என்று கொள்வோம். 300 கிராம் அரிசியில் 30 மைக்ரோகிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த எல்லையைத் தொடும் நீரை நாளுக்கு 3 லிட்டர் குடித்தாலும் அதே 30 தான். தண்ணீரைச் சோதிக்கும் அக்கறையில் பாதிகூட அரிசிக்கு இல்லை என்பது இங்கே தெரியும். 60 கிலோ ஆளுக்கு இது உடல் எடையில் கிலோவுக்கு 0.5. பதினைந்து கிலோ குழந்தை 100 கிராம் அரிசி உண்டால் 0.67, உண்பது குறைவு, ஆனால் எடை அதைவிடக் குறைவு. நிபுணர் குழு 2010-இல் ஒப்பீட்டுக்கு வைத்த அளவு நாளுக்கு 3. நுரையீரல் புற்றுநோயை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தோல் புற்றுநோயை வைத்து எடுத்த அளவு 0.06. ஒன்றின்படி ஆறு மடங்கு இடைவெளி இருக்கிறது. மற்றதன்படி எட்டு மடங்கு மீறல். இரண்டுமே ‘இதுவரை பாதுகாப்பு’ என்ற கோடுகள் அல்ல. நோய் சிறு விகிதத்தில் கூடத் தொடங்கும் அளவுகள். எந்த நோய், எவ்வளவு கூடுதல் என்ற தேர்வு மாறினால் எண்ணும் மாறும்.

சமையலறையில் இதற்கு ஓரளவு வழி உண்டு. ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்தால், அரிசியின் வகையைப் பொறுத்துக் கனிம ஆர்செனிக்கில் 40 முதல் 60 விழுக்காடு போகிறது. களைவதால் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. அளவாகத் தண்ணீர் வைக்கும் குக்கர் சோற்றில் எல்லாம் சோற்றிலேயே தங்கும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தால் கழித்ததைத் திரும்பக் கூட்டியதாகும். வடிப்பதில் பி வைட்டமின்களும் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் உள்ளதுபோல் கிணற்றுத் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்தால், அந்த நீரில் வேகும் சோறு அதை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே முதல் வேலை தண்ணீரை மாற்றுவது. ஆர்செனிக் தவிட்டில் சேர்வதால் கைக்குத்தல் அரிசியில் வெள்ளை அரிசியைவிடக் கூடுதலாக இருக்கும்; நார்ச்சத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் சிறுதானியத்தோடு மாற்றி மாற்றி உண்பது நல்லது.

மீனில் கணக்கு எளிது. மெத்தில் பாதரசத்துக்கு நிபுணர் குழுவின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம், கருவில் வளரும் மூளையை மனத்தில் வைத்து எடுத்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80. பெரிய சுறாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருப்பது இயல்பு. அப்படியானால் வாரத்துக்கு 80 கிராம்தான், இரண்டு சிறு துண்டு. மத்தியிலோ நெத்திலியிலோ 0.02 என்று கொண்டால் 4 கிலோ. யாராலும் தின்று தீர்க்க முடியாது. சிறு மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரியது தின்று, ஒவ்வொரு படியிலும் பாதரசம் சேர்வதால் வரும் வேறுபாடு இது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கத்தில், சின்னப் பால்சுறாவுக்கும் ஆழ்கடலில் பிடித்த பெரிய சுறாவுக்கும் உள்ள வித்தியாசம் இதனால்தான் பெரிது. கர்ப்ப காலத்தில் பெரிய சுறாவைத் தவிர்ப்பது அதைவிட முக்கியம். ஆனால் பயத்தில் மீனையே நிறுத்துவது நஷ்டம்: கருவின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் அதே மீனில்தான் இருக்கிறது.

காரீயத்தில் இந்த மாதிரி எல்லை போடும் வேலையே நின்றுவிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 25 மைக்ரோகிராம் என்றிருந்த பழைய அளவை நிபுணர் குழு 2010-இல் திரும்பப் பெற்றது. அந்த அளவிலேயே குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதும் பெரியவர்களின் ரத்த அழுத்தம் ஏறுவதும் தெரிந்தன, புதிய எல்லை எதையும் வைக்க முடியவில்லை. வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சுகிறார்கள், சிறு குழந்தைகள் ஏறக்குறைய பாதியை. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு இன்னும் கூடுதலாக உறிஞ்சும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருந்தால் தொல்லையில்லை. விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால் புளியும் சூடும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மஞ்சளுக்கு இந்தியாவில் காரீய வரம்பு 10 பிபிஎம். ஒருவர் நாளுக்கு ஒரு கிராம் மஞ்சள்தூள் உண்டால், வரம்புக்குட்பட்ட தூளிலேயே 10 மைக்ரோகிராம் போகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்பீட்டுக்காக வைத்திருப்பது குழந்தைக்கு நாளுக்கு 2.2, பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு 8.8. கலப்படம் இதைவிடக் கொடியது. விரலி மஞ்சளைப் பளபளப்பாக்க லெட் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைப் போட்டு உருட்டும்போது 1,000 பிபிஎம்மைக் கடந்த மாதிரிகளும் கிடைத்திருக்கின்றன. வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்த பிறகு, 2019-இல் அரசு சந்தைகளில் கையடக்க எக்ஸ்-கதிர் கருவியால் சோதித்து, விற்றவர்களுக்கு அபராதம் போட்டு, செய்தியை ஊரெங்கும் பரப்பியது. அந்த ஆண்டு 47 விழுக்காடு மாதிரிகளில் இருந்த காரீயம் 2021-இல் எதிலும் இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் அளவு இறங்கியது. தூளை விட்டு முழு விரலி வாங்கி அரைத்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது, கலப்படம் நடப்பதே விரலியின் மேல்தோலில்தான். கண்ணைப் பறிக்கும் பொன்மஞ்சளைவிட, தோல் சுருங்கிய மங்கலான விரலி மேல்.

அன்புடன்,
சித்தப்பா