வெந்நீர் சீரா வரலையா? கீசரைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாரு

ஷவரைத் திறந்தா முதல்ல கொதிக்கக் கொதிக்க வருது. தலையில சீயக்காய் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள ஜில்லுனு ஆயிடுது. நடுங்கிக்கிட்டு நிக்கும்போது மறுபடி சுடுது. மார்கழி வந்தாலே வீட்டுக்கு வீடு இந்தப் புகார்தான். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுறோம். அவர் வந்து பார்த்துட்டு "காயில் போச்சும்மா"ன்னு சொல்லுவார், இல்லேன்னா "பழைய மாடல், மாத்திடுங்க"ன்னு சொல்லுவார். காசு கொடுத்து மாத்தின பிறகும் அதே ஜில்லு தொடர்ந்தா என்ன அர்த்தம்? காயில் போச்சுன்னா தண்ணி சூடாகவே ஆகாது. சுட்டு, ஆறி, திரும்பவும் சுடுதுன்னா காயில் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். அப்போ சந்தேகப்பட வேண்டியது தண்ணி வர்ற வழியை. அதனால தங்கச்சி, கீசரைக் கழட்ட விடாதே. முதல்ல தண்ணி எங்கிருந்து வருது, எங்கே கலக்குதுன்னு பாரு.

ஷவரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதே. ஷவர்ல வர்றது கலந்த தண்ணி. பச்சைத் தண்ணிப் பக்கத்தை முழுசா மூடிட்டு, வெந்நீரை மட்டும் வாளியில பிடி. குழாயை முழுசாத் திறக்காம, நடுத்தரமா ஒரே அளவுல விடு. வாளி நிறையற வரைக்கும் சூடு ஒரே மாதிரி இருந்தா கீசர்மேல குத்தமே இல்லை, கலக்குற இடத்துலதான் கோளாறு. வாளி கால்வாசி நிறையறதுக்குள்ள வெதுவெதுப்பா மாறிட்டா கீசர் பக்கம் போய்ப் பார்க்கணும். இந்த ஒரு சோதனையிலேயே தேடுற இடம் பாதியாக் குறைஞ்சிடும். கையை நேரா தண்ணிக்குக் கீழே நீட்டிப் பார்க்காதே. 60 டிகிரி தண்ணி சில விநாடியிலேயே தோலைப் பொசுக்கிடும்.

வாளியில சரியா வருது, ஷவர்லதான் ஏறி இறங்குதுன்னு வெச்சுக்கோ. அப்போ அடுத்த சோதனை. கீசர் சுவிட்சை அணைச்சுடு. கீசருக்குக் கீழே ரெண்டு பைப் இருக்கும். நீல அடையாளம் போட்டது வழியாத்தான் பச்சைத் தண்ணி உள்ளே போகும், சிவப்பு போட்டது வழியா வெந்நீர் வெளியே வரும். நீலப் பக்கம் சுவத்துல இருக்கிற ஆங்கிள் காக்கை இறுக மூடு. இப்போ பாத்ரூம்ல வெந்நீர்க் குழாயை மட்டும் திற. பைப்ல தேங்கினது வடிஞ்சு, கொஞ்ச நேரத்துல தண்ணி நின்னுடணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அது கீசர் வழியா வர்ற தண்ணி இல்லை. வீட்டுல எங்கேயோ ஒரு மிக்ஸருக்குள்ள (வெந்நீரும் பச்சைத் தண்ணியும் கலக்குற குழாய்) பச்சைத் தண்ணி வெந்நீர் பைப்புக்குத் தாண்டிப் போகுது. (ஆங்கிள் காக்கே தேய்ஞ்சு சரியா மூடாம இருந்தாலும் இப்படித்தான் ஓடும். அதையும் ஒரு தடவை உறுதி பண்ணிக்கோ.)

இப்படித் தாண்டிப் போறதுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஹேண்ட் ஷவரோட கைப்பிடியில இருக்கிற பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்திட்டு, மிக்ஸரோட ரெண்டு பக்கத்தையும் திறந்தே விட்டுட்டா போதும். தண்ணி வெளியே போக வழி இல்லாததால, அழுத்தம் அதிகமா இருக்கிற பக்கத்துலருந்து குறைவா இருக்கிற பக்கத்துக்கு அது தானாப் போகும். அடுத்த பாத்ரூம்ல குளிக்கிறவங்களுக்கு ஜில்லுன்னு வர்றது இதனாலதான். ஒத்தைக் கைப்பிடி மிக்ஸரா இருந்தா உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜ் தேய்ஞ்சாலும், கல் துகள் சிக்கிக்கிட்டாலும் இதே கதை. கார்ட்ரிட்ஜை மட்டும் தனியா மாத்தலாம், மிக்ஸர் முழுசையும் மாத்தணும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதே. மிக்ஸருக்கு வர்ற ரெண்டு பைப்லயும் தண்ணியை ஒரே திசையில மட்டும் விடுற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லு. சின்னச் சாமான்தான், ஆனா இந்தத் தொல்லையை நிரந்தரமா நிறுத்தும்.

அடுக்குமாடியில இருக்கிறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். பிரஷர் பம்ப் ஓடி நிக்கிற ஒவ்வொரு தடவையும் பைப்ல அழுத்தம் ஏறி இறங்கும், அதோட சேர்ந்து ஷவர்ல சூடும் ஏறி இறங்கும். பச்சைத் தண்ணி பம்ப் வழியாவும், கீசருக்குப் போற தண்ணி மேல்தொட்டியிலருந்து நேராவும் வந்தா நிலைமை இன்னும் மோசம். பலமா வர்ற பச்சைத் தண்ணி வெந்நீரை வெளியே வர விடாம அமுக்கிடும். ரெண்டும் ஒரே இடத்துலருந்து, ஒரே அழுத்தத்துல வரணும். வீடு கட்டும்போதோ பாத்ரூம் பைப்பை மாத்தும்போதோ பிளம்பர்கிட்ட பிடிவாதமா நின்னு வாங்க வேண்டிய வேலை இது. வெந்நீர் பைப்புக்கு சி.பி.வி.சி. போடுறாரான்னும் பாரு. சாதாரண பி.வி.சி. சூட்டுல இளகி வளைஞ்சிடும்.

வெந்நீர்ப் பக்கம் மட்டும் நூல் மாதிரி ஒல்லியா வந்தா, ஆங்கிள் காக்லயும் குழாய் முனையில இருக்கிற சல்லடையிலயும் உப்புக்கல் அடைச்சிருக்கும். சல்லடையையும் ஷவர் முகத்தையும் கழட்டி, ராத்திரி முழுக்க வினிகர்ல ஊற வெச்சுப் பழைய டூத் பிரஷால தேய். பல வீடுகள்ல இதோடயே பிரச்சினை தீர்ந்துடும்.

சரி, வாளியிலயே சூடு நிக்கலைன்னா? முதல்ல கணக்கைப் போட்டுப் பாரு. 15 லிட்டர் கீசர்ல தண்ணி 60 டிகிரிக்குச் சூடாகி நிக்குது, உன் தொட்டித் தண்ணி 25 டிகிரின்னு வெச்சுக்கோ. குளிக்கிற 40 டிகிரிக்குக் கலந்தா மொத்தமாக் கிடைக்கிறது 35 லிட்டர், அதாவது ரெண்டு வாளி. அவ்வளவுதான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தண்ணி 15 டிகிரியில இருந்தா அதே கீசர் 27 லிட்டர்தான் தரும். அதனால ஷவர்ல நாலு நிமிஷத்துக்கு மேல சூடு நிக்கலைன்னா அது கோளாறு இல்லை, அந்தக் கீசரோட அளவு அவ்வளவுதான். 2 கிலோவாட் காயில் 15 லிட்டரை 25-லருந்து 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 நிமிஷம் ஆகும், 25 லிட்டரை அரை மணி நேரம். ஒருத்தர் குளிச்சு முடிச்சதும் அடுத்தவர் உடனே நுழையாம, இந்த இடைவெளியை விட்டாலே சண்டை ஓய்ஞ்சிடும்.

மூணு லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர்லதான் ஏமாற்றம் அதிகம். அதுல சேமிச்சு வெச்ச தண்ணி ரெண்டு மூணு சொம்புக்குமேல இல்லை, அப்புறம் வர்றதெல்லாம் ஓடுற ஓட்டத்துலயே சூடாகணும். 3 கிலோவாட்ல நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டரை 15 டிகிரிதான் ஏத்த முடியும். நீ ஷவரை முழுசாத் திறந்து நிமிஷத்துக்கு 9 லிட்டர் விட்டா ஏறுறது வெறும் 5 டிகிரி. முதல்ல கொதிச்சது அப்புறம் ஜில்லுனு ஆகுறதுக்கு இதுதான் காரணம். சமையலறை சிங்க்குக்கு அது நல்ல சாமான். குளியலறையில வெச்சிருந்தா குழாயை ஒல்லியா விட்டு வாளியில பிடிச்சுக் குளி, ஷவருக்கு நம்பாதே.

புதுசா மாட்டின கீசர் முதல் நாள்லருந்தே ஒரு சொம்பு சூடு, அப்புறம் வெதுவெதுப்புன்னு இருந்தா ரெண்டு பைப்பையும் மாத்தி மாட்டிட்டாங்களான்னு பாரு. பச்சைத் தண்ணி தொட்டியோட அடியில நுழையணும், வெந்நீர் உச்சியிலருந்து எடுக்கப்படணும். சூடான தண்ணி எப்பவும் மேலேதான் நிக்கும். மாத்திக் கொடுத்துட்டா பச்சைத் தண்ணி உச்சியில கொட்டி எல்லாத்தையும் கலக்கிடும், அடியில இருக்கிற ஆறின தண்ணிதான் உனக்கு வரும். கீசர்ல நீலம், சிவப்பு அடையாளத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். இதைச் சரிசெய்யப் பத்து நிமிஷம் போதும்.

அடுத்தது சிவப்பு விளக்கு. நிறைய கீசர்ல காயில் சூடாக்கிக்கிட்டு இருக்கும்போது எரிஞ்சு, வெச்ச சூடு வந்ததும் அணையும். முழுத் தொட்டி பச்சைத் தண்ணியோட ஆரம்பிச்சும் மூணு நாலு நிமிஷத்துலயே அணைஞ்சு, தண்ணி வெதுவெதுப்பாவே இருந்தா தெர்மோஸ்டாட் தப்பாக் கணக்குப் பண்ணுது, இல்லேன்னா உப்பு படிஞ்சு அதை ஏமாத்துது. ஒரு மணி நேரமாகியும் அணையலைன்னா வோல்டேஜைப் பாரு. வோல்டேஜ் 230-லருந்து 180-க்கு இறங்கினா 3 கிலோவாட் காயில் 2 கிலோவாட்கூடத் தராது. சாயங்காலத்துல சுடாத கீசர் விடியக்காலையில நல்லாச் சுடுதுன்னா இதுதான் காரணமா இருக்கும், மெக்கானிக்கால அதுக்கு எதுவும் பண்ண முடியாது.

போர் தண்ணி இருக்கிற வீட்டுல கீசருக்குப் பெரிய எதிரி உப்பு. குடிநீருக்கான இந்தியத் தரம் மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம்னு வெச்சிருக்கு, வேற வழி இல்லைன்னா 600 வரைக்கும். நம்ம ஊர் போர் தண்ணி பல இடத்துல அந்த ரெண்டையும் தாண்டும். தண்ணி சூடாக ஆக அந்த உப்பு கல்லா மாறிக் காயில்மேல கெட்டியாப் படியும். காயில்லருந்து சூடு தண்ணிக்குப் போகாம உள்ளேயே தங்கி, கடைசியில காயிலே வெடிச்சுப் போகும். தண்ணி சூடாகும்போது சட்டிக்குள்ள கூழாங்கல் உருளுற மாதிரி சத்தம் வந்தா நீ தாமதிக்காம சர்வீசுக்குச் சொல்லு. தெர்மோஸ்டாட்டை 75-ல வெச்சிருந்தா 60-க்கு இறக்கு. கல் படியுறதும் குறையும், கரண்டும் மிச்சமாகும். ஆனா 50-க்குக் கீழே இறக்கி வெச்சு நாள்கணக்கா விடாதே, வெதுவெதுப்பான தேங்கல் தண்ணியில கிருமி வளரும்.

சர்வீசுக்கு வர்றவர் வெளியே துடைச்சுட்டுப் போனா அது சர்வீஸ் இல்லை. தொட்டியை வடிக்கணும், அடித்தட்டைக் கழட்டிக் காயில்ல இருக்கிற கல்லை எடுக்கணும், உள்ளே இருக்கிற மக்னீசியம் ஆனோட் ராடைக் காட்டணும். தொட்டியைத் துரு தின்னாம இருக்க அந்த ராடு தன்னைக் கரைச்சுக்கிட்டு வரும். குச்சியா இளைச்சுப் போயிருந்தா மாத்தியே ஆகணும். நீ பக்கத்துல நின்னு பாரு. போர் தண்ணியா இருந்தா இதை வருஷம் ஒரு தடவை செய்.

இனி சொல்லப்போறதுல எனக்குச் சமரசமே கிடையாது. கீசர்ல சேஃப்டி வால்வு சொட்டுதுன்னு யாராவது அதை அடைச்சு மூட வந்தா கையைப் பிடிச்சுத் தடு. தண்ணி சூடாகும்போது விரியும், அந்த அழுத்தம் வெளியேற இருக்கிற வழி அது. அதை அடைச்சு, தெர்மோஸ்டாட்டும் கெட்டுப் போச்சுன்னா தொட்டி வெடிக்கும். சொட்டுறது நிக்கலைன்னா புது வால்வு போடணும். அதே மாதிரி, தண்ணி பட்டதும் கையில சுருக்குன்னு கரண்ட் அடிச்சா ஒரு சொட்டுகூடத் தொடாம மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. காயிலோட உறை விரிசல் விட்டிருக்கும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற சுவிட்ச்) மூணும் வேணும். எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டவே மாட்டாதே. குழந்தைக்கு வாளியில முதல்ல பச்சைத் தண்ணி ஊத்தி, அப்புறம் வெந்நீர் சேரு. முழங்கையால தொட்டுப் பார்த்துட்டுத்தான் குளிப்பாட்டு.

கேஸ் கீசர் வெச்சிருக்கிற தங்கச்சிகளுக்குத் தனியாச் சொல்றேன். அதுல தண்ணி ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனா தீ தானா அணைஞ்சிடும். "இன்னும் சூடா வேணும்"னு குழாயைக் குறைச்சதும் ஜில்லுனு ஆகுறது அதனாலதான். பேட்டரி தீர்ந்திருந்தாலும், சிலிண்டர் கடைசியில இருந்தாலும் தீ தடுமாறும். இதெல்லாம் சின்ன விஷயம். ஆனா தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா, கரி படிஞ்சிருந்தா, உடனே நிறுத்து. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாதது. மூடின பாத்ரூம்ல குளிச்சுக்கிட்டு இருக்கும்போதே மயக்கம் வந்து உயிர் போகும். கேஸ் கீசரை பாத்ரூமுக்கு உள்ளே மாட்டக் கூடாது, காத்தோட்டம் இருக்கிற வெளியிடத்துலதான் மாட்டணும். வாடகை வீட்டுல உள்ளே மாட்டியிருந்தா வீட்டுக்காரர்கிட்ட கேட்டு மாத்த வை. தலைவலியோட, குமட்டலோட பாத்ரூம்லருந்து யாராவது வெளியே வந்தா அது சளியால இருக்கும்னு விட்டுடாதே.

மொட்டை மாடியில சோலார் இருந்தா முதல்ல ஜில்லுன்னு வர்றது இயல்பு. மாடியிலருந்து கீழே வர்ற பைப்ல நேத்துத் தேங்கின தண்ணி மூணு நாலு லிட்டர் இருக்கும். அதை ஒரு வாளியில பிடிச்சுத் துணி அலச வெச்சுக்கோ. அதுக்கப்புறமும் விட்டுவிட்டு வந்தா பைப்ல காத்து அடைச்சிருக்கும், மாடியில இருக்கிற காத்துக்குழாய் திறந்திருக்கான்னு பார்க்கச் சொல்லு.

மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணும்போது "கீசர் சரியில்லை"ன்னு மட்டும் சொல்லாதே. எத்தனை லிட்டர் கீசர், போர் தண்ணியா குழாய்த் தண்ணியா, வாளியில வெந்நீர் மட்டும் பிடிச்சா சூடு நிக்குதா, கீசருக்குப் போற பச்சைத் தண்ணியை மூடின பிறகும் வெந்நீர்க் குழாய் ஓடுதா, விளக்கு எத்தனை நிமிஷத்துல அணையுது, இதை வரிசையாச் சொல்லு. தேவையான சாமானோட ஒரே தடவையில வருவார். கார்த்திகை மார்கழியில அவங்களைப் பிடிக்கிறது கஷ்டம். அதனால வருஷ சர்வீசை ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுடு.