முப்பது நாள் கணக்கு

"குறைதீர்க் கூட்டத்துல மனு கொடுத்தேன், ஒரு பதிலும் வரலைங்க." நம்மில் இதைச் சொல்லாத உழவர் குறைவு. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அங்கே நாம் கொடுப்பது கோரிக்கை மனு. 'இதைச் செய்து கொடுங்கள்' என்று கேட்பது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் போடுவது வேறு மனு. 'உங்கள் அலுவலகத்தில் இருக்கிற இந்தப் பதிவேட்டின் நகலைக் கொடுங்கள்' என்று கேட்பது. இதற்கு நாள் கணக்கு உண்டு. காரணமில்லாமல் நாள் தவறினால், அலுவலர் தன் கைக்காசிலிருந்து அபராதம் கட்ட வேண்டிவரும்.

இந்தச் சட்டம் டெல்லியில் யாரோ யோசித்து இறக்கிவைத்ததல்ல. ராஜஸ்தானில் கூலி வேலைக்குப் போன ஏழை விவசாயிகள், "எங்க பேர்ல எழுதின கூலிக் கணக்கைக் காட்டு" என்று கேட்டுத் தொடங்கிய போராட்டம் அது. 1996-ல் பியாவர் நகரில் வாரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் வந்தது. கொடுப்பதைவிட மறுப்பதற்கே அதில் இடம் அதிகம். 2005-ல் வந்த மத்தியச் சட்டம்தான் நமக்குப் பயன்படுவது.

தகவல் கிடைத்தால் மட்டும் போதாது, நேரத்தில் கிடைக்க வேண்டும். இதற்கு நம் துறையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2006-ல் கிரீன்பீஸ் அமைப்பைச் சேர்ந்த ஒருவர், பி.டி. கத்தரியின் நச்சுத்தன்மை, ஒவ்வாமை பற்றிய ஆய்வு விவரங்களை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையிடம் கேட்டார். வணிக ரகசியம் என்று மறுத்தார்கள். 2007-ல் மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. விதை நிறுவனம் நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றத்திலும் இந்த விவரங்கள் பற்றிய கேள்வி எழுந்து, 2008-ல்தான் ஆய்வு அறிக்கைகள் வெளியே வந்தன. நிறுவனமே செய்த ஆய்வுகளை அதன் பிறகுதான் வெளியில் இருந்த அறிவியலாளர்கள் படித்து, ஓட்டைகளை எடுத்துச் சொல்ல முடிந்தது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்.

முப்பது நாளில் முடிய வேண்டியது இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. இன்னும் இரண்டு வருடம் இழுத்திருந்தால்? கத்தரி வயலுக்கு வந்தபிறகு காகிதம் வந்து என்ன பயன்?

நம் ஊர் விஷயங்களும் அப்படித்தான். வாய்க்கால் தூர்வாரிய கணக்கு மழைக்கு முன்னால் கைக்கு வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கலாம். மழை பெய்து வாய்க்கால் நிறைந்தபின் வந்தால், "தண்ணி வந்து மண்ணு மூடிருச்சு" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். தாமதம் பண்ணுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இனி கேட்கும் முறை. "எங்கள் வாய்க்காலை ஏன் தூர்வாரவில்லை, எப்போது வாருவீர்கள்?" என்று எழுதாதீர்கள். ஏன், எப்போது என்பதற்கெல்லாம் கோப்பில் பதில் இருக்காது. 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: 'இன்ன வாய்க்காலில் 2022 ஏப்ரல் முதல் இன்றுவரை நடந்த தூர்வாரும் பணிகளின் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்.' எம்-புக் என்பது அளவீட்டுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து உழவர் கேட்க வேண்டிய காகிதங்களில் முதலிடம் இதற்குத்தான்.

பூச்சிமருந்துக் கடைகளில் வேளாண் துறை எடுத்த மாதிரிகளின் ஆய்வக முடிவையும் இதே மாதிரி கேட்கலாம். இயற்கை வேளாண்மைக் குழுக்களுக்கு வந்த மானியத்தில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்பதை, யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியிடவில்லை என்றால் கேளுங்கள்.

வெள்ளைத் தாளில், 'பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு அலுவலகத்தின் பெயரை எழுதினால் போதும். அலுவலர் பெயர் தெரிய வேண்டியதில்லை. மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது; நீங்களாகவும் எழுத வேண்டாம். தபாலில் அனுப்பினால் ஒப்புகை வாங்குங்கள். மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் 30 நாள் ஓடும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இடையில் சில தந்திரங்கள் நடக்கும். "இது எங்க ஆபீஸ் இல்லை" என்பார்கள். அப்படியானால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 29-ஆம் நாள் "நகல் கட்டணம் கட்டுங்கள்" என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் அனுப்பியதிலிருந்து நீங்கள் பணம் கட்டும்வரை உள்ள நாட்கள் கணக்கில் சேராது. அதனால் உடனே கட்டிவிடுங்கள். "கோப்பைக் காணோம்" என்பதும் பழைய பாட்டு. மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்களில் அது இல்லவே இல்லை.

31-ஆம் நாள் பதில் இல்லையா? மறுத்ததாகவே பொருள். அதே துறையின் மேல் அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். பலர் இங்கேதான் தூங்கிவிடுகிறார்கள். நாள் தவறியதால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். அவர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதன்பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அபராதம் போடும் அதிகாரம் அதற்குத்தான் உண்டு. தகவல் கொடுக்காதது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அலுவலருடையது, நம்முடையதல்ல.

ஆனால் அந்த ஆணையம் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மொத்த அமைப்பிலும் பெரிய ஓட்டை இதுதான். கீழே இருப்பவருக்கு நாள் கணக்கு, மேலே இருப்பவருக்குக் கிடையாது. அதனால் முதல் இரண்டு படியிலேயே காகிதத்தை வாங்கப் பாருங்கள். அதற்கே 30-ம் 45-ம் சேர்த்து 75 நாள் ஆகிவிடும். குறுவை நெல் கதிர் வாங்கும் வயசு. ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்காலை அளக்க வேண்டுமானால் வைகாசியிலேயே மனு போயிருக்க வேண்டும். ஒரே ஊரில் நாலு பேர் ஒரே கேள்வியைத் தனித்தனியாகப் போடுவதும் நல்லது; ஒருவர் நாளைத் தவறவிட்டாலும் இன்னொருவருடைய மனு ஓடிக்கொண்டிருக்கும்.