மேக் அப்பைக் கட்டிப்போடுவது எப்படி?

ஆங்கில நாளிதழ் படிக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "ரயில் எதுக்கு சார் மேக்கப் போடணும்?" அவள் விரல் வைத்திருந்த வரி, 'தி ட்ரெயின் மேட் அப் டென் மினிட்ஸ்'. தாமதமாகக் கிளம்பிய ரயில், வழியில் வேகமாக ஓடிப் பத்து நிமிடத்தை ஈடுகட்டிவிட்டது என்று பொருள். அவள் கேட்டதில் தவறே இல்லை. அந்தச் சொல்லை நாம் எல்லோரும் முதலில் பார்த்தது பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில்தானே.

மேக் என்றால் செய். அப் என்றால் மேலே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் தேறாது. இப்படி வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டி, பொருளையே மாற்றிவிடுவதை ஃப்ரேஸல் வெர்ப் என்கிறார்கள். 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், ஆங்கிலம் கற்கும் அயலாரை மிகவும் திணறடிப்பது இதுதான் என்று எழுதிவிட்டார். எனவே திணறலுக்கு வெட்கப்பட வேண்டாம். அகராதியிலுள்ள பத்துப் பொருளையும் வரிசையாக மனப்பாடம் செய்யவும் வேண்டாம், மறுவாரமே மறந்துபோகும். நான் சொல்லித்தரும் முறை வேறு.

முதலில் நோட்டில் ஒரு முழுப் பக்கத்தை இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒதுக்குங்கள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் நீங்கள் வீட்டில் பேசும் தமிழ். தனிச் சொல்லை எழுதாதீர்கள், வாக்கியமாகவே எழுதுங்கள்.

அடுத்து, 'மேக் அப்' என்ற இரண்டு சொல்லையே முறைத்துக்கொண்டிருக்காமல், அது எந்தப் பெயர்ச்சொல்லைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோரியா, மைண்டா, டைமா, பார்சலா? பொருள் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது படிதான் முக்கியம். வலப்பக்கத்தில் 'கட்டு' என்ற நம் வினையைப் போட்டுப் பாருங்கள். 'ஹி மேட் அப் எ ஸ்டோரி': கதை கட்டினான். 'ஷி மேட் அப் ஹெர் மைண்ட்': இதுதான் என்று முடிவு கட்டினாள். 'மேக் அப் ஃபார் தி லாஸ்': நஷ்டத்தை ஈடுகட்டு. 'மேக் அப் எ பார்சல்': பொட்டலம் கட்டு. மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து சேர்த்துத் தருவதற்கும் இதே சொல்தான். நாட்டு மருந்துக் கடையில் சூரணத்தை மடித்துக் கட்டித் தருவதை நினைத்துக்கொண்டால் மறக்காது. முகப்பூச்சுகூட இதற்குள் அடங்கும். மேக்கப் என்ற சொல் நாடக மேடையிலிருந்து வந்தது. நம் கூத்துக்காரர்கள் வேஷம் கட்டுகிறார்கள். சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்து முழுமையாக்குவது என்ற ஒரே எண்ணத்தை இரண்டு மொழிகளும் தனித்தனியே இப்படி வளர்த்திருப்பதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எல்லா இடத்திலும் கட்டு வராது. 'நைட்ரஜன் மேக்ஸ் அப் 78 பர்சென்ட் ஆஃப் தி ஏர்' என்ற வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். தமிழுக்கு இங்கே வினையே தேவைப்படவில்லை. அதனால்தான் நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இடத்தில் மேக் அப் நினைவுக்கே வருவதில்லை. இந்த வகைக்கு மட்டும் நான்கைந்து வாக்கியங்கள் கூடுதலாக எழுதுங்கள்: வகுப்பில் பாதி பெண்கள், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை, இப்படி.

சண்டை போட்டவர்கள் சமாதானமாவதும் மேக் அப்தான். அதற்குப் பிள்ளைகளின் சொல்லே பொருத்தம்: காய் விட்டவர்கள் பழம் விட்டுவிட்டார்கள். 'தே மேட் அப்' என்பதற்கு நேரே அப்படியே எழுதிவையுங்கள். ஓட்டல் அறைக் கதவில் 'ப்ளீஸ் மேக் அப் மை ரூம்' என்ற அட்டை தொங்கினால், அறையைச் சுத்தம் செய்து படுக்கையைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மேக்கப் எக்ஸாம் என்றால், தவறவிட்ட தேர்வைப் பிறகு எழுதுவது.

நான்காவதாக, பின்னால் வரும் சின்னச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். 'வித்' வந்தால் பழம் விட்ட ஆள் அடுத்து வருவார். 'ஃபார்' வந்தால் ஈடுகட்டும் விஷயம். 'மேட் அப் ஆஃப்' என்று வந்தால் எதனால் ஆனது என்ற பட்டியல். 'ஐ வில் மேக் இட் அப் டு யூ' என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கு நேர்ந்த மனக்குறையை எப்படியாவது சரிசெய்வேன் என்கிறார். பொதுவாக மன்னிப்புக்குப் பின் வரும் வாக்கியம் இது.

ஐந்தாவது, 'இட்' நிற்கும் இடம். 'ஹி மேட் அப் தி ஸ்டோரி' சரி, 'ஹி மேட் தி ஸ்டோரி அப்' என்பதும் சரி. ஸ்டோரிக்குப் பதில் 'இட்' போட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'ஹி மேட் இட் அப்'. 'மேட் அப் இட்' என்று ஒருபோதும் வராது. நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களும் சறுக்கும் இடம் இது. வாய்விட்டு இருபது முறை சொல்லிப் பழகுங்கள். அப்படிச் சொல்லும்போதே அழுத்தத்தையும் கவனியுங்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது 'மேக்' மேல் அழுத்தம். வினையாக வரும்போது 'அப்' மேல். முகத்துக்கு 'மேக்கப் போடுவது' ஆங்கிலத்தில் 'புட் ஆன் மேக்கப்'. 'புட் மேக்கப்' என்று நிறுத்தினால் வாக்கியம் குறையாக நிற்கும்.

பக்கம் நிரம்பியதும் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்லுங்கள். மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடியும் சொல்லுங்கள். தடுமாறாமல் வந்தால் 'பிக் அப்'புக்கு ஒரு பக்கம் திறக்கலாம். அதற்கு 'எடு' என்ற வினையை வைத்துத் தொடங்குங்கள்: போனை எடுப்பதும் வண்டி வேகமெடுப்பதும் முதல் இரண்டு வரி. பேருந்து நிலையத்தில் ஆளை ஏற்றிக்கொள்வதும், யாரும் சொல்லித்தராமல் கேட்டுக் கேட்டே ஒரு மொழியைக் கற்றுக்கொள்வதும் அதற்கடுத்த வரிகள்.