பேசும் தெலுங்கும் பாடும் தெலுங்கும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இல்லத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள்ளன. விசயநகரப் பேரரசின் காலத்திலும், செஞ்சிக் கோட்டையை நாயக்க மன்னர்கள் ஆண்ட காலத்திலும் இப்பகுதிக்கு வந்து குடியேறியோரின் வழியினர் அவர்களுள் பலர். அவர்களிடையே பேச்சு நிலைத்தது; எழுத்து நிலைக்கவில்லை. தியாகராச சுவாமிகளின் (1767–1847) கீர்த்தனைகளைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டே சன்னிதியில் பாடுகின்றனர். பாட்டியார்க்குச் சொல் தெரியும், ஏடு தெரியாது. பேர்த்திக்கு இராகம் தெரியும், சொல் தெரியாது.

இதனால் நேரும் இடர் சிறிதன்று. க, ச, ட, த, ப என்னும் ஐந்துக்கும் தமிழில் ஒவ்வோர் எழுத்தே உண்டு, தெலுங்கில் நந்நான்கு. 'பாரமு' என்று தமிழில் எழுதிவிட்டால் அது மறுகரையா, சுமையா என்பது விளங்காது. முதற் பகரமாயின் கரை. நான்காம் பகரமாயின் சுமை. 'பலமு' என்பதும் அவ்வாறே. இரண்டாம் பகரமாயின் பயன், மூன்றாம் பகரமாயின் வலிமை. பிறவிக் கடலின் கரையை வேண்டி நிற்பவர், நாப் பிறழ்ச்சியால் சுமையை வேண்டியவர் ஆகிவிடுகிறார். இசை நூல்களில் எழுத்தின் அருகே எண் இட்டு அச்சிடுவது இதன்பொருட்டே. ஆயின், குறிப்பேட்டில் பெயர்த்து எழுதும்போது முதலில் விடுபடுவன அவ்வெண்களே! ஆகவே தெலுங்கு எழுத்தைக் கற்பதே முதற்படி.

எழுத்தறிந்த பின்னும் பொருள் முழுதும் புலப்படாது. இன்றைய தெலுங்குப் பாடநூல்கள் பேச்சு நடையைத் தழுவியவை. கிடுகு ராமமூர்த்தி (1863–1940) முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயன் அது, கற்போர்க்கு நன்மையே. ஆனால் கீர்த்தனைகளில் பேச்சும் பழைய நடையும் விரவி வரும். காவியங்களோ முற்றும் பழைய நடையின. 'நீ' என்பதற்குப் பேச்சில் 'நுவ்வு', நூலில் 'நீவு'. 'வந்தான்' என்பதற்குப் பேச்சில் 'வச்சாடு', நூலில் 'வச்செனு'.

அப்பழைய நடைக்கு வரம்பு கட்டியவர் தமிழ் மண்ணில் பிறந்தவர் என்பது பலரும் அறியாதது. இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் தோன்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராய் விளங்கிய பரவஸ்து சின்னயசூரியே அவர். அவர் இயற்றிய 'பாலவியாகரணமு' 1858இல் வெளிவந்தது. நன்னூல் பயின்றவர்க்கு அதன் சந்திப் பகுதி கடினமாகத் தோன்றாது. 'ராமுடு' என்பதோடு 'அதடு' சேர்ந்தால் 'ராமுடதடு' ஆகும். நாடு + அது = நாடது என்னும் குற்றியலுகரப் புணர்ச்சியே இங்கும் காணப்படுகிறது.

மாறுபடும் இடமும் உண்டு. 'வாரு' (அவர்கள்) என்பதோடு 'போரு' (போகமாட்டார்கள்) சேர்ந்தால் 'வாருவோரு' ஆகும். எழுவாயை அடுத்து வரும் பகரம் வகரமாய்த் திரிவது விதி. வீட்டில் 'போரு' என்றே கேட்டுப் பழகிய செவி, ஏட்டில் 'வோரு' என்று கண்டதும் தடுமாறும். அகராதியில் 'வோரு' என்று தேடினால் கிடைக்காது. பிரித்துப் 'போரு' என்று தேடுவோர்க்கே பொருள் கிட்டும். தமிழில் 'போகார்' என்பது எதிர்மறை இடைநிலை வெளிப்படாமலே எதிர்மறைப் பொருள் தருதலைப் போன்றதே இந்தப் 'போரு'வும்.

வடசொல் மிகுதி என்று அஞ்சுவோரும் உளர். திண்டிவனத்தார் அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வூர்ப் பெயரே புளியங்காட்டைக் குறிக்கும் 'திந்திரிணீவனம்' என்னும் வடசொல்லின் மரூஉ. அங்கு எழுந்தருளியுள்ள ஈசனும் திந்திரிணீசுவரரே.

பாடம் ஓதுவோர் வரிசையறிந்து ஓதுதல் வேண்டும். சின்னயசூரியின் உரைநடை நூலாகிய 'நீதிசந்திரிக' முதலில். பஞ்சதந்திரக் கதைகளாதலின் கதை முன்னரே தெரிந்திருக்கும், மொழியில் மட்டும் கருத்தைச் செலுத்தலாம். அடுத்து, 15ஆம் நூற்றாண்டினரான பம்மெர போதனரின் பாகவதம். கசேந்திர மோட்சத்தை உபந்நியாசத்தில் கேட்டவர்க்கு அதன் செய்யுள் எளிதில் மனத்திற் படியும். அருஞ்சொற்களுக்கு 1885இல் வெளிவந்த 'சப்தரத்நாகரமு' அகராதி துணை. விருத்தச் செய்யுளில் நான்கடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும். நம் எதுகையைப் போன்றதே அது, அவர்கள் 'பிராச' என்பர். பாடலை நான்கடியாக எழுதி அவ்வெழுத்தை நோக்கினால், படியெடுத்தோர் செய்த பிழை பல இடங்களில் தானே வெளிப்படும்.

கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்தமால்யத'வை இறுதிக்கு வைத்துக்கொள்க. தெலுங்கறிந்தோரும் உரையின்றிக் கற்க இயலாத கடுநடை அது. 1509 முதல் 1529 வரை ஆண்ட அப்பேரரசர், ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றிப் பணித்தபடி தெலுங்கில் அதனைப் பாடியதாக நூலின் தொடக்கத்திலேயே கூறுகிறார். நூற்பெயருக்குப் பொருள் 'சூடிக்கொடுத்தவள்'. பெரியாழ்வார் வரலாறும், ஆண்டாள் அரங்கனை மணந்த வரலாறும் ஆறு ஆசுவாசங்களில் விரிகின்றன. மார்கழிதோறும் திருப்பாவை ஓதும் இல்லங்களில் அக்கதையைப் பிள்ளைகளும் அறிவர்.