மோட்டார் சைக்கிள் ஆசனத்தைக் கழற்றிச் சுத்தம் செய்தல்

ஏரும் வண்டியும் போலவே மோட்டார் சைக்கிளும் இன்று குடியானவர் வீட்டுத் தளவாடங்களுள் ஒன்றாகிவிட்டது. விதை, உரம், பால் கேன், புல்லுக்கட்டு ஆகிய யாவும் அதன் முதுகிலேயே போகின்றன. உழவு முடிந்ததும் கலப்பையைக் கழுவி எண்ணெய் தடவி வைக்கும் விவசாயி, வண்டியின் ஆசனத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று வருஷக்கணக்கில் பார்ப்பதில்லை. பாட்டரி, மின்சாரக் கம்பிகள், பியூஸ் ஆகியவை பெரும்பாலான வண்டிகளில் அவ்விடத்திலோ, அதையடுத்த பக்க மூடிகளுக்குள்ளோதான் அமைந்துள்ளன. கிராமத்து வண்டிக்கு அங்கே நேரும் கேடுகள் இரண்டு. அவற்றை முதலில் எடுத்துரைப்போம்.

களஞ்சியத்தின் அருகிலோ மாட்டுக் கொட்டகையிலோ நிறுத்தப்படும் வண்டியின் ஆசனத்தடி எலிக்கு மிகவும் உகந்த இடமாகும். இருட்டும், வெதுவெதுப்பும், கூடு கட்டுவதற்கு ஆசனத்தின் பஞ்சும் அதற்கு அங்கேயே கிடைக்கின்றன. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையேனும் கொறித்தே தீர வேண்டும். கம்பியின் மேலுறை அதற்கு எளிதில் அகப்படுகிறது. உறை போன கம்பி இரும்புச் சட்டத்தில் உராயும்போது பொறி கிளம்பும். வைக்கோலும் பஞ்சும் நிறைந்த கூட்டில், பெட்ரோல் டாங்கிக்கு வெகு சமீபத்தில், அப்பொறி விழுந்தால் நேரக்கூடியதை விவரிக்க வேண்டுவதில்லை. இத்தகைய சமயத்தில் வண்டியைக் காப்பது பியூஸ் ஒன்றே. அது எரிந்துபோனால் அதனிடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். கம்பியில் உள்ள பழுதைச் சரிசெய்து, அதே அளவுள்ள புதிய பியூஸையே போடல் வேண்டும்.

உரத்தால் வரும் கேடு மெதுவானது. 45 கிலோ யூரியா மூட்டையோ 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையோ ஆசனத்தின்மேல் வரும்போது, சிந்தும் குருணைகள் இடுக்குகளில் புகுந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகின்றன. பொட்டாஷ் என்று கடையில் பெரும்பாலும் விற்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. அது சமையல் உப்பைப் போலவே இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அம்மோனியா உரங்களோ செம்பு, பித்தளை இணைப்புகளை அரிக்கும். தார்ப்பாய்த் துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் மூட்டையை ஏற்றினால் இத்தொல்லை பெரிதும் குறையும். உரம் வந்திறங்கும் நாட்களில் கிராம அலுவலர்கள் இதனைக் குடியானவர்களுக்குச் சொல்லிவைப்பது நலம்.

இனிக் கழற்றும் முறையைக் கூறுவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை பொறுக்கவும். சில வண்டிகளில் பக்கத்திலுள்ள துவாரத்தில் சாவியைத் திருப்பினால் ஆசனத்தின் கொக்கி விடுபடும். மற்றவற்றில் பின்புறம் போல்ட்டுகள் இருக்கும். பக்க மூடியை எடுத்தாலன்றி அவை தெரியாத வண்டிகளும் உண்டு. பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஸ்பானர் போதுமானது. குறடு கொண்டு திருகினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். துருப்பிடித்திருந்தால் சிறிது எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கவும். பின்பு ஆசனத்தின் பின்பகுதியைச் சற்றே தூக்கி, பின்னோக்கி இழுக்க வேண்டும். அதன் முன்நுனியிலுள்ள நாக்கு, டாங்கியை அடுத்த கொக்கியில் செருகப்பட்டிருப்பதே காரணம். நேரே மேல்நோக்கி நெம்பினால் நாக்கு ஒடியும். வண்டிக்கு வண்டி சிறு வேற்றுமை உண்டாதலால், உடன் கொடுத்த கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

எலிக்கூடு தென்பட்டால் வெறுங்கையால் எடுக்கலாகாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையில் கீறல் இருப்பின் ஆபத்து அதிகம். கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கூட்டை அகற்றி, முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவவும். ஆசனத்தடியில் குழாய் நீரைப் பீய்ச்சக் கூடாது. தூரிகையும், பிழிந்த ஈரத்துணியும் போதும்.

பாட்டரியைக் கழற்ற நேர்ந்தால் கழித்தல் குறியுள்ள முனையை முதலில் விடுவிக்கவும். மாட்டும்போது அதனையே கடைசியில் மாட்டவும். இக்கால வண்டிகளில் அம்முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அது விடுபட்டிருந்தால், கூட்டல் முனையைத் திருகும் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் பொறி எழாது. முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தலாம். மூடி திறக்கும் பழைய வகைப் பாட்டரிக்கு வாலை வடிநீரே ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உப்புண்டு. அடைக்கப்பட்ட வகையைத் திறக்க முயலலாகாது.

திரும்ப மாட்டுவதில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். கம்பி எதுவும் ஆசனத்தின் அடியில் நசுங்காமல் ஒதுக்கிவிட்டு, நாக்கைக் கொக்கியில் செருகி முன்னோக்கித் தள்ளிய பிறகே பின்புறத்தைப் பூட்டவும். முன்புறத்தையும் பின்புறத்தையும் இரு கைகளாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். அசைந்தால் மீண்டும் கழற்றி மாட்டுக. சரியாய்ப் பூட்டாத ஆசனம், மேடுபள்ளமான பாதையில் வண்டி குலுங்கும்போது நழுவி, பின்னால் அமர்ந்திருக்கும் பெண்டு பிள்ளைகளைச் சாலையில் தள்ளிவிடக்கூடும். பிறகு விளக்கு, ஹாரன், பிரேக் விளக்கு ஆகியவற்றைச் சோதித்துக்கொண்டு புறப்படலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும், தை அறுவடைக்குப் பின் ஒரு தடவையும் செய்தால் போதும். எலி நடமாட்டமுள்ள இடத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவும்.