எஞ்சிய புரிகளைக் காப்போம்
தண்டுவடக் காயத்திலிருந்து மீள்வோரின் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



முகத்துவாரத்தில் அலை புரட்டும்போது படகின் விளிம்பில் முதுகு மோதுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் தலைகுப்புறப் பாயும் பிள்ளையின் கழுத்து மணல் திட்டில் இடிக்கிறது. தென்னையிலிருந்து விழுகிறவர் உண்டு. பொன்னேரிச் சாலையில் பைக்கிலிருந்து விழுகிறவர் உண்டு. இத்தகைய விபத்துக்குப் பின் மருத்துவர், "தண்டுவடத்தில் அடி, ஆனால் இன்கம்ப்ளீட்" என்று சொன்னால், வீட்டார் காதில் "அடி" என்பது மட்டுமே விழுகிறது. கடைசிச் சொல்லை யாரும் கேட்டுத் தெளிவதில்லை. இம்மாதப் பாடம் அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியது.

அறுந்த கயிறும் நைந்த கயிறும்

மூளையிலிருந்து இறங்கி முதுகெலும்புகளுக்குள் ஓடும் நரம்புக் கற்றையே தண்டுவடம். கை கால் அசைவு, தொடு உணர்வு, சிறுநீர் மலம் அடக்குதல் எல்லாவற்றுக்குமான செய்தி அதன் வழியாகவே போய் வருகிறது. கழுத்தில் அடிபட்டால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். அதற்குக் கீழே முதுகில் அடிபட்டால் கால்கள் பாதிக்கப்படும்.

படகு கட்டும் வடக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புரியும் அறுந்த கயிறு வேறு. சில புரி அறுந்து சில புரி தாங்கி நிற்கும் கயிறு வேறு. இரண்டாவதுதான் "இன்கம்ப்ளீட்", அதாவது முழுமையாகாத காயம். அடிபட்ட இடத்துக்குக் கீழே செய்தி போக இன்னும் வழி இருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் அறுந்த புரியைக் கயிற்றில் முடிச்சுப் போடுவது போல ஒட்டவைக்க இன்றுவரை மருந்து இல்லை. அறுவை சிகிச்சை எலும்பை நிலைப்படுத்தும், நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை எடுக்கும். அதற்கு மேல் எஞ்சிய புரிகளை வைத்தே உடல் மறுபடியும் பழக வேண்டும்.

காயம் எந்த வகை என்பதை மருத்துவர்கள் ஏ முதல் இ வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் முழுமையான காயம். பி என்றால் உணர்வு மட்டும் மிச்சம். சி என்றால் அசைவும் உண்டு, வலு குறைவு. டி என்றால் பாதித் தசைகளிலாவது நல்ல வலு உண்டு. இ என்றால் சோதனையில் குறை தெரியாத நிலை. இதை அறிய மலவாய்ப் பகுதியில் தொட்டும் விரலால் சோதித்தும் பார்த்தாக வேண்டும். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கேதான் முடிகின்றன. வெட்கத்தால் இச்சோதனையை மறுத்துவிடாதீர்கள். பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். சிகிச்சைக்காகச் செய்யும் இச்சோதனையில் மானக்குறைவு எதுவும் இல்லை. அடிபட்ட முதல் நாட்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும். ஆகவே முதல் நாள் சொன்னதையே முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், மூன்று நாள் கழிந்து மறுபடி சோதித்து என்ன படி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

எஞ்சிய புரிகளைக் காக்கும் முதல் பொறுப்பு கரையில் நிற்பவர்களுடையது. விழுந்தவர் கழுத்து வலி, முதுகு வலி என்றாலோ, கை கால் மரத்துவிட்டது என்றாலோ, அவரை நிமிர்த்தி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தோளில் போட்டுத் தூக்காதீர்கள். பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். தாங்கி நிற்கும் புரியும் இப்படித் தூக்குவதில் அறுந்து போகலாம்.

மூச்சு வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். தண்ணீரில் கிடந்தால் முகம் மேலே இருக்கும்படி மிதக்கவைத்து, அடியில் ஒரு பலகையை நுழைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். தரையில் என்றால், ஒருவர் தலையையும் கழுத்தையும் உடலோடு நேர்க்கோட்டில் பிடித்துக்கொள்ள, மூன்று பேர் ஒரே நேரத்தில் மரக்கட்டையை உருட்டுவது போல உடலை உருட்டிப் பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்துங்கள். 108-க்கு அழைக்கும்போதே "முதுகெலும்பு அடி" என்று சொல்லிவிடுங்கள்.

கை கால் முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குப் போகும் வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலமாக உண்டு. கழுத்து, முதுகு அடிக்கு எந்தக் கட்டும் பொருந்தாது. பிடித்துவிடுவதும் இழுத்துவிடுவதும் கூடவே கூடாது. ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனையே முதல் இடம்.

அன்பினால் செய்யும் தடை

முழுமையாகாத காயத்தில் மீட்சி முதல் மூன்று மாதங்களில் வேகமாக வரும். ஆறு, ஒன்பது மாதம் வரை தொடரும். சிறு முன்னேற்றங்கள் இரண்டாம் ஆண்டிலும் வருவதுண்டு. டி படியில் உள்ளவர்களில் பெரும்பாலோர் நடக்கிறார்கள். சி படியில் உள்ளவர்களிலும் பலர் கைத்தடியோ வாக்கரோ காலிப்பரோ கொண்டு நடக்கிறார்கள். ஆனால் இது வெறுமனே காத்திருப்பதால் வருவது அல்ல. எந்த அசைவை ஆயிரம் முறை தானே செய்கிறதோ அதைத்தான் நரம்பு மறுபடி கற்கும்.

இங்கேதான் நம் வீடுகள் தடுமாறுகின்றன. வாப்பாவுக்கு உம்மா ஊட்டிவிடுகிறார். மகன் தூக்கி உட்காரவைக்கிறான். மகள் சட்டை மாட்டிவிடுகிறாள். யாரும் குறை சொல்ல முடியாத அன்பு இது. ஆனால் பாதி அசையும் கை சோற்றைப் பிசையும் வாய்ப்பை இழக்கிறது. பாதி வலுவுள்ள இடுப்பு நிமிர்ந்து நிற்கும் வாய்ப்பை இழக்கிறது. ஒரு வாய் உண்ணப் பத்து நிமிடம் ஆனாலும் அவரே உண்ணட்டும். பாதிச் சோறு கீழே சிந்தட்டும். விழாமல் பிடிக்கும் தூரத்தில் நில்லுங்கள். அவர் செய்யக்கூடியதை நீங்கள் செய்யாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுக்கும் அரை மணி நேரத்தை விட, மீதி நேரம் வீட்டில் நடப்பதே பெரிது.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பிசியோதெரபிஸ்டின் யோசனைப்படி முற்றத்தில் இரண்டு வரிசையாகச் சவுக்குக் கழிகளை நட்டு, இடுப்பு உயரத்தில் குறுக்குக் கழி கட்டினால் நடை பழகும் பிடி ஆகிவிடும். கால் துடித்து ஆடுவதைக் கண்டு குணமாகிவிட்டது என்று மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், அது இறுக்கம். தினமும் மூட்டுகளை நீட்டி மடக்கினால் அடங்கும். திடீரென்று அதிகமானால் எங்கோ புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறது என்று அறிந்து மருத்துவரிடம் செல்லுங்கள்.

"ஊசி போட்டால் நரம்பு முளைக்கும்" என்று ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இக்காயத்துக்கு அதைச் செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் இடம் தரவில்லை. நகையையும் படகையும் விற்பதற்கு முன் இதை நினையுங்கள்.

தோலும் சிறுநீரும்

வந்த முன்னேற்றத்தைப் பறித்துப் போகும் இரண்டு திருடர்கள் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்.

உணர்வு குறைந்த தோல் வலியைச் சொல்லாது. இஷாவிலிருந்து ஃபஜ்ர் வரை ஒரே பக்கமாகக் கிடந்தாலே புண் தொடங்கிவிடும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். உட்கார்ந்திருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி எழும்பியோ சாய்ந்தோ பாரத்தை மாற்றட்டும். புட்டம், இடுப்பு எலும்பு, குதிகால் ஆகியவற்றைக் காலையும் மாலையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் மறையவில்லை என்றால் அங்கே பாரமே படக்கூடாது. வெயிலில் காய்ந்த படகுப் பலகையும், மடியில் வைத்த சூடான தேநீரும் அவர் அறியாமலே சுட்டுவிடும். இரவில் பக்கம் மாற்றும் வேலையை ஒரு பெண் தலையில் மட்டும் கட்டாதீர்கள். நம் ஏரியில் பாடு முறை வைத்துத் தொழில் செய்வது போல, வீட்டிலும் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் தானாக முழுதும் வெளியேறாவிட்டால், நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை சுத்தமான குழாய் நுழைத்து எடுத்துவிடும் முறையை மருத்துவமனையில் கற்றுக்கொடுப்பார்கள். கை வலு உள்ளவர் தாமே செய்யலாம். தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல், கலங்கிய சிறுநீர், குளிர் நடுக்கம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு அபாயங்களை அறிந்து வையுங்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனை செல்லுங்கள். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேல் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வேலூரும் ஆய்க்குடியும்

நடை திரும்பாவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று தண்டுவடக் காயமடைந்தவர்களுக்கும் பயிற்சி தருகிறது. தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது.

இவர்களை விடக் குறைந்த காயமுள்ள நம் சகோதரர் வலை பின்னலாம், கிழிந்த வலையைச் சீராக்கலாம், மீன் கணக்கு எழுதலாம், கடை நடத்தலாம். சம்பாதிக்கும் கை வீட்டில் பேசும் குரலையும் மீட்டுத் தரும்.

உரிமையும் உதவியும்

சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவர் சான்றளித்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் பலன்கள் கிடைக்கும். திருவள்ளூரில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் உதவித்தொகை, சக்கர நாற்காலி பற்றியும் கேளுங்கள். மீனவர்களுக்கான மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீட்டில் நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சமும், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சமும், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரையும் உண்டு. பெயர் பதிவு இருக்கிறதா என்று ஜமீலாபாத் முதல் லைட்ஹவுஸ் குப்பம் வரை ஒவ்வொரு வீடும் விபத்துக்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது. படிவம் நிரப்ப நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நாம் மதரஸாவில் படித்த பாடம். குழாயும் பையும் உள்ளவர் ஒளுச் செய்யும் முறையை ஆலிம்கள் சொல்லித் தருவார்கள். ஆனால் பள்ளிவாசல் படியில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் போடுவது நம் அனைவரின் வேலை. ஜும்ஆவுக்கு வந்து நாலு பேரிடம் ஸலாம் சொல்லிப் போகிறவர் மறுநாள் கழியைப் பிடித்து நிற்க மனம் கொள்வார்.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். "இன்கம்ப்ளீட்" என்றால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். அந்த வேலையில் அவருக்குப் பங்கு உண்டு, வீட்டாருக்குப் பங்கு உண்டு, நமக்கும் உண்டு. காயமுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.